ஏடு பெயர்த்தல்: இணைய எழுத்தின் இடப்பெயர்ச்சி வரலாறு

ஓலைச் சுவடிக்கு நீண்ட ஆயுள் கிடையாது. ஈரமும் கறையானும் இராமபாணப் பூச்சியும் அதைத் தின்று தீர்ப்பதற்குள் யாரேனும் ஒருவர் புதிய ஓலையில் அதைப் படியெடுக்க வேண்டும். படியெடுக்கப்பட்ட நூல் பிழைத்தது, மற்றது மறைந்தது. நமக்குக் கிடைத்திருக்கும் பழந்தமிழ் நூல்கள் அனைத்தும் பெயர் தெரியாத யாரோ பலர் தலைமுறை தலைமுறையாக எழுத்தாணி பிடித்ததன் பயன். படியெடுக்க ஆளில்லாமற் போன ஏடுகளுக்கு நேர்ந்த கதியும் நாம் அறியாததன்று. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்ட செய்தியை உ.வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திரம்' நூலில் வேதனையோடு பதிந்து வைத்திருக்கிறார்.

இணையத்தில் எழுதத் தொடங்கியபோது அந்தக் கவலை நீங்கிவிட்டதென்றே நம்மில் பலரும் எண்ணினோம். செல்லரிக்காத ஏடு, தீப்பற்றாத நூலகம் என்றெல்லாம் பேசப்பட்டது. கால் நூற்றாண்டு கடந்த பின் திரும்பிப் பார்க்கையில் உண்மை வேறாக இருக்கிறது. ஓலை நூறு ஆண்டுகளேனும் தாக்குப் பிடித்தது; இணையத்தின் பல 'ஓலைகள்' பத்தாண்டுகள்கூட நிற்கவில்லை. இங்கும் படியெடுக்கப்பட்டவையே பிழைத்திருக்கின்றன. அந்தப் படியெடுப்பு வேலையைச் செய்தவை ஏற்றுமதி, இறக்குமதி என்று வணிகப் பெயர் சூட்டப்பட்ட சிறிய நிரல்கள். ஒரு தளத்திலிருந்து எழுத்தை மூட்டை கட்டி வெளியே எடுப்பது ஏற்றுமதி. அந்த மூட்டையை இன்னொரு தளத்தில் அவிழ்த்து அடுக்குவது இறக்குமதி. இலக்கிய வரலாற்றில் இடம்பெறத் தகுதியற்ற தொழில்நுட்பச் சமாச்சாரம் என்று இதை ஒதுக்கிவிடலாகாது என்பதே நம் எண்ணம்.

*

1999ஆம் ஆண்டு பைரா லேப்ஸ் என்னும் சிறு நிறுவனம் ப்ளாகர் சேவையைத் தொடங்கியது. நிரல் எழுதத் தெரியாதவரும் நாள்தோறும் எழுதி வெளியிடலாம் என்ற நிலையை உலகெங்கும் பரப்பியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. 2001 அக்டோபரில் பென் டிராட், மேனா டிராட் என்னும் இளம் தம்பதியர் மூவபிள் டைப் என்ற மென்பொருளை வெளியிட்டனர். அசையும் அச்செழுத்து என்ற பொருளில் கூட்டன்பர்கின் கண்டுபிடிப்பை நினைவூட்டும் பெயர் அது. ப்ளாகரில் எழுதிக்கொண்டிருந்த பலர் இந்தப் புதிய வீட்டுக்குக் குடிபெயர விரும்பினர். ஆனால் பழைய வீட்டுக்கு வாசல் ஒன்றுதான் இருந்தது. உள்ளே போகலாம், சாமான்களோடு வெளியே வர முடியாது. எழுதியவை அனைத்தும் ப்ளாகரின் வழங்கியில் இருந்தன. அவற்றை ஒரே கோப்பாக எடுத்துக்கொடுக்கும் வசதி அப்போது இல்லை.

அப்போது கைக்கொள்ளப்பட்ட உபாயம் இன்றும் வியப்பளிப்பது. ப்ளாகரில் ஒவ்வொருவரும் தம் பக்கத்தின் தோற்றத்தை நிர்ணயிக்கும் வார்ப்புருவை மாற்றிக்கொள்ளலாம். எழுத்தின் நிறம், தலைப்பின் அளவு போன்றவற்றுக்காகத் தரப்பட்ட சுதந்திரம் அது. மூவபிள் டைப்பின் கையேடு பயனருக்கு ஒரு வேறுபட்ட வார்ப்புருவைத் தந்தது. அதை இட்டுப் பக்கத்தை வெளியிட்டால், அலங்காரம் எல்லாம் உதிர்ந்து, எழுதியவர் பெயர், தலைப்பு, தேதி, உள்ளடக்கம் என்று வரிசையாக அடுக்கப்பட்ட வெறும் உரையாகப் பக்கம் வெளிவரும். அதைச் சேமித்து எடுத்துப் புதிய மென்பொருளுக்கு ஊட்டிவிடலாம். வேர்ட்பிரஸின் தொடக்ககால ப்ளாகர் இறக்குமதிக் கருவியும் இதே வழியைத்தான் பின்பற்றியது. முன்வாசல் வழியே வெளியேற முடியாதவர் மாறுவேடமிட்டுப் புறப்பட்ட கதை இது.

மூவபிள் டைப் வகுத்த அந்தக் கோப்பு வடிவத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அதில் எந்த மர்மமும் இல்லை. ஒவ்வொரு வரியிலும் ஒரு சொல், ஒரு முக்காற்புள்ளி, அதற்குரிய விவரம். ஒரு கட்டுரையின் பகுதிகளுக்கிடையே ஐந்து சிறுகோடுகள். ஒரு கட்டுரை முடிந்து அடுத்தது தொடங்குமிடத்தில் எட்டுச் சிறுகோடுகள். அவ்வளவுதான். கணினி அறியாதவரும் திறந்து படிக்கலாம். நாளை எந்த மென்பொருளும் இல்லாமற் போனாலும் மனிதக் கண்ணுக்குப் புலப்படும். இந்த எளிமைதான் பின்னாளில் அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணமாயிற்று.

2004 மே மாதம் ஒரு திருப்பம் நேர்ந்தது. மூவபிள் டைப்பை நடத்திவந்த சிக்ஸ் அப்பார்ட் நிறுவனம் மூன்றாம் பதிப்பை வெளியிட்டபோது, ஓர் எழுத்தாளர், மூன்று தளங்கள் என்ற எல்லைக்கு மேல் பயன்படுத்துவோர் கட்டணம் செலுத்த வேண்டும் என்று அறிவித்தது. ஒரு மென்பொருளுக்கு விலை கேட்பதில் தவறு ஏதுமில்லை. ஆனால் விலையில்லாது கிடைத்ததை நம்பி ஆண்டுக்கணக்கில் எழுதிக் குவித்தவர்கள், தம் எழுத்து பிறர் வகுக்கும் விதிகளுக்குக் கட்டுப்பட்டது என்பதை அன்று முதன்முறையாக உணர்ந்தனர். மார்க் பில்கிரிம் என்ற நிரலாளர் எழுதிய கட்டுரை பரவலாக வாசிக்கப்பட்டது. தனக்கு ஆகியிருக்கக்கூடிய 535 டாலர் கட்டணத்தை வேர்ட்பிரஸ் உருவாக்குநர்களுக்கு நன்கொடையாகத் தருவதாக அறிவித்து அவர் வெளியேறினார். இலவசம் என்பது வேறு, விடுதலை என்பது வேறு என்பதே அவர் வாதத்தின் சாரம்.

வேர்ட்பிரஸ் அப்போது ஓராண்டுக் குழந்தை. மைக்கேல் வால்திரிகி எழுதிய பி2 என்னும் நிரல் பராமரிப்பாரற்று நின்றபோது, அதன் கிளையாக மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003 மே மாதம் அதைத் தொடங்கியிருந்தனர். மூவபிள் டைப் விலை அறிவித்த அதே 2004 மே மாதத்தில் வேர்ட்பிரஸின் 1.2 பதிப்பு வந்தது. நீட்சி எனப்படும் ப்ளகின் வசதி அந்தப் பதிப்பில்தான் அறிமுகமாயிற்று. மூல நிரலைத் தொடாமல் யார் வேண்டுமானாலும் ஒரு சிறு துண்டை ஒட்டிப் புதிய ஆற்றலைச் சேர்க்கலாம் என்பதே அதன் பொருள். மூவபிள் டைப்பின் கோப்பைப் படித்துக்கொள்ளும் திறனும் வேர்ட்பிரஸிடம் இருந்தது. பெருங்கூட்டம் ஒன்று குடிபெயர்ந்தது. மூவபிள் டைப் தன் கோப்பு வடிவத்தைப் பூட்டி வைத்திருந்தால் அந்தப் பெயர்ச்சி இத்தனை எளிதாக நடந்திராது. தான் இழக்கப்போகும் குடிகளுக்குத் தானே வண்டி கட்டிக் கொடுத்த நேர்மைக்காக அந்தத் தம்பதியரை நன்றியோடு நினைக்க வேண்டும்.

*

2007 ஜனவரியில் வெளிவந்த வேர்ட்பிரஸ் 2.1 பதிப்பு தனக்கென ஓர் ஏற்றுமதி வடிவத்தைக் கொண்டுவந்தது. செய்தியோடை வடிவமான ஆர்.எஸ்.எஸ். 2.0ஐ விரித்து அமைக்கப்பட்டதால் அதற்கு விரிவாக்கப்பட்ட ஆர்.எஸ்.எஸ். என்று பெயர், சுருக்கமாக டபிள்யூ.எக்ஸ்.ஆர். கட்டுரைகள், நிலையான பக்கங்கள், வாசகர் மறுமொழிகள், பகுப்புகள், குறிச்சொற்கள், எழுதியவர் பெயர்கள் யாவும் ஒரே எக்ஸ்.எம்.எல். கோப்பில் அடங்கும். 2010 ஜூன் மாதம் வந்த 3.0 பதிப்பில் இறக்குமதிக் கருவிகள் அனைத்தும் மூல நிரலிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனித்தனி நீட்சிகளாயின. குடிபெயர்பவர் வாழ்நாளில் ஓரிரு முறைதான் வண்டியைத் தேடுகிறார். அதை எப்போதும் வீட்டுக்குள் நிறுத்தி வைக்க வேண்டியதில்லை என்ற நியாயமே காரணம்.

இந்த நீட்சி செய்யும் வேலை ஓர் ஏட்டெழுத்தரின் வேலையை ஒத்தது. கோப்பைத் திறந்து, முதலில் எழுதியவர்கள் யார் யார் என்று பட்டியலிடுகிறது. பழைய தளத்து ஆசிரியரைப் புதிய தளத்தில் யாரோடு பொருத்துவது என்று கேட்கிறது. பிறகு பகுப்புகளை அமைக்கிறது. அதன்பின் ஒவ்வொரு கட்டுரையாக எடுத்து, அதே தலைப்பும் தேதியும் கொண்ட ஒன்று ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மட்டும் சேர்க்கிறது. எனவே பாதியில் நின்றுபோனாலும் மறுபடி தொடங்கலாம்; இரட்டைப் படி விழாது. மறுமொழிகள் தத்தம் கட்டுரைக்கடியில், எதற்கு எது பதில் என்ற முறை மாறாமல், அமர்கின்றன.

ஆனால் மூட்டைக்குள் வராதவையும் உண்டு. முதலாவது படங்கள். ஏற்றுமதிக் கோப்பில் படங்களின் முகவரிதான் இருக்கும், படங்கள் இரா. இறக்குமதி செய்யும்போது, இணைப்புகளையும் தருவித்துக்கொள்ளவா என்று நீட்சி ஒரு கேள்வி கேட்கும். ஆம் என்றால் பழைய தளத்துக்கே போய் ஒவ்வொரு படமாக எடுத்துவரும். பழைய தளம் உயிரோடிருக்கும்வரைதான் இது நடக்கும். கோப்பைக் கையில் வைத்திருக்கிறோம், போதும் என்ற நம்பிக்கையில் பழைய வீட்டைக் காலிசெய்துவிட்டு, பல மாதங்கள் கழித்து மூட்டையை அவிழ்த்தால், எழுத்து இருக்கும். ஓவியமும் ஒளிப்படமும் இருந்த இடத்தில் வெற்றுச் சட்டம் தொங்கும். சிற்றிதழ் அட்டைகளையும் மறைந்த எழுத்தாளர்களின் படங்களையும் சேகரித்து வைத்த பக்கங்களுக்கு இது பேரிழப்பு.

இரண்டாவது முகவரி. ஓர் எழுத்து இடம்பெயர்ந்துவிட்டது என்பதை அதைச் சுட்டிக்காட்டிய மற்ற எழுத்துகள் அறியா. இங்கே தமிழுக்கென்று தனித் துன்பம் ஒன்று உண்டு. ஆங்கிலத் தலைப்பிட்டால் ப்ளாகர் அந்தச் சொற்களைக் கொண்டே பக்கத்தின் முகவரியை அமைத்தது. தமிழில் தலைப்பிட்டால் அந்த எழுத்துகளை அது பொருட்படுத்தவில்லை. 'ப்ளாக் போஸ்ட்' என்ற பொதுப் பெயரையும் ஓர் எண்ணையும் இட்டுவிட்டது. ஊருக்குள் ஆயிரம் வீடுகள், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்ப்பலகை.

வேர்ட்பிரஸ் தமிழை ஏற்றது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. முகவரிக்கென ஒதுக்கப்பட்ட கட்டம் 200 குறிகளுக்கு மட்டுமே இடமளிப்பது. ஒருங்குறியில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட்டுகள் கொண்டது. முகவரியாக மாற்றும்போது ஒவ்வொரு பைட்டும் மூன்று குறிகளாக விரிகிறது. ஆக ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு ஒன்பது இடம். இருநூற்றை ஒன்பதால் வகுத்தால் இருபத்திரண்டு. மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் இருபத்திரண்டு என்பது மூன்று சொல்லுக்குக்கூடப் போதாது. 'தமிழ்ச் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும்' என்று தலைப்பிட்டால் முகவரி 'தமிழ்ச் சிறுகதையின் தோற்' என்பதோடு முடிந்துவிடும். தோற்றம் பாதியில் தோற்று நிற்கிறது.

*

படியெடுப்பின் மிகப் பெரிய இடர் இவற்றையெல்லாம் தாண்டியது. அது எழுத்தையே பற்றியது. ஓலையிலிருந்து அச்சுக்கு நூல்கள் பெயர்ந்த காலத்தை எண்ணிப் பார்ப்போம். ஏடெழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடவில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. ரகரமும் காலும் ஒரே வடிவில் நின்றன. 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது சாமிநாதையர் போன்றோர் செய்தது வெறும் நகலெடுப்பன்று. ஒவ்வொரு கோட்டிலும் இது ரகரமா, காலா என்று பொருளறிந்து தீர்ப்பு வழங்கும் வேலை.

அதே சிக்கல் நூறாண்டு கடந்து கணினியில் திரும்பி வந்தது. ஒருங்குறி அமைப்பின் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதைக் காட்டும் கணினிகள் மக்கள் கைக்கு வர நெடுங்காலமாயிற்று. இடைப்பட்ட காலத்தில் ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துருக்கள் பெருகின. ஓர் எழுத்துருவில் எழுதியது இன்னோர் எழுத்துருவில் வெறும் குப்பையாகத் தெரிந்தது. இணையத்தில் இயங்கிய தமிழ் ஆர்வலர்கள் கூடி விவாதித்துத் தகுதரம் எனப்படும் திஸ்கியை உருவாக்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையடுத்துத் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியேற்றங்களை அறிவித்தது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் தட்டச்சிட்டுத் திஸ்கியில் வெளியிட்டது. பின்னர் அவற்றை ஒருங்குறிக்கும் மாற்றியது. இறுதியில் 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி ஒருங்குறியை அரசு தரமாக ஏற்றது.

திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாறுவது ஒன்றுக்கு ஒன்று இடம் மாற்றும் வேலையன்று. திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதுவது: 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். ஒருங்குறி ஒலிப்பு முறையில் எழுதுவது: முதலில் ககரம், பிறகு ஒகரக் குறி. எனவே மாற்றும் நிரல் ஒவ்வோர் எழுத்தையும் பிரித்து முன்பின்னாக அடுக்கிக் கட்ட வேண்டும். இதில் அகப்படாத பிழை ஒன்று இன்றும் நம் இணையமெங்கும் பரவிக் கிடக்கிறது. ஔகாரத்தின் பின்னுறுப்பும் ளகரமும் பார்வைக்கு ஒன்றே. அதனால் 'கௌரவம்' என்ற சொல் பல ஆயிரம் இடங்களில் கெகரமும் ளகரமுமாகப் பதிவாகியிருக்கிறது. வாசிப்பவர் கண்ணுக்கு வேற்றுமை தெரியாது, தேடுபொறிக்குத் தெரியும். 'கௌதமன்' என்று சரியாகத் தட்டச்சிட்டுத் தேடுபவருக்கு 'கெளதமன்' கிடைக்கமாட்டான். ஏட்டெழுத்தர் விட்ட ஐயத்தைத் தீர்க்க ஒரு சாமிநாதையர் இருந்தார். இதைத் தீர்க்க இருப்பது, இறக்குமதிக்கு முன் கோப்பைத் திறந்து பார்க்கும் ஒருவரின் பொறுமை மட்டுமே.

இன்னொரு சிதைவு தரவுத்தளத்தில் நேர்ந்தது. வேர்ட்பிரஸ் தன் எழுத்துகளைச் சேமிக்கும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் நெடுங்காலம் இலத்தீன் குறியேற்றத்தையே இயல்பாகக் கொண்டிருந்தது. 2007 மே மாதம் வந்த 2.2 பதிப்புவரை வேர்ட்பிரஸ் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விளைவு, தமிழ்ப் பைட்டுகள் இலத்தீன் என்ற பெயர்ப்பலகையின் கீழ்ச் சேமிக்கப்பட்டன. எழுதும்போதும் படிக்கும்போதும் ஒரே தவறு நிகழ்ந்ததால் பக்கத்தில் தமிழ் தமிழாகவே தெரிந்தது. வழங்கி மாறி, தரவுத்தளத்தைப் படியெடுத்துப் புதிய இடத்தில் ஏற்றிய நாளில்தான் குட்டு உடைந்தது. தலையில் சாய்கோடிட்ட ஓர் இலத்தீன் எழுத்து, வட்டத்துக்குள் அடைபட்ட வணிகக் குறி, அப்புறம் ஏதோ ஒரு கிறுக்கல் என்று பக்கம் முழுவதும் மும்மூன்றாய் அணிவகுத்து நின்றன. தமிழ்க் குறியீடுகள் யாவற்றுக்கும் முதற்பைட்டு ஒன்றே, பெரும்பாலானவற்றுக்கு இரண்டாம் பைட்டும் ஒன்றே என்பதால் வந்த வினை. அக்கால இணைய வாசகர் எவரும் அந்தக் கோலத்தை மறந்திருக்கமாட்டார்.

இதில் அறிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. மேற்சொன்ன கோலம் அச்சமூட்டுவதாயினும் மீட்கத் தக்கது. பைட்டுகள் அனைத்தும் உள்ளேயே இருக்கின்றன, பெயர்ப்பலகைதான் தவறு. தலைகீழாகப் போன மாற்றத்தை மறுபடி திருப்பினால் தமிழ் மீண்டுவிடும். ஆனால் மாற்றம் எதிர்த்திசையில் நடந்து, தமிழ் எழுத்தை இலத்தீன் கட்டத்துக்குள் திணிக்க முயன்றால், இடமில்லாத ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியைத் தரவுத்தளம் இட்டுவிடும். பார்வைக்கு அது முன்னதைவிடத் தூய்மையானது. ஆனால் அந்தக் கேள்விகளுக்கு விடை கிடையாது. கிறுக்கலைக் கண்டு பதறி அழித்தவர்கள் மீட்கக்கூடியதை இழந்தார்கள். கேள்விக்குறிகளைப் பிறகு சரிசெய்யலாம் என்று வைத்திருந்தவர்கள் இல்லாததைக் காத்தார்கள்.

*

குடிபெயர்தல் சிலருக்கு விருப்பம், பலருக்குக் கட்டாயம். 1994இல் தோன்றி, 1999இல் யாஹூவால் வாங்கப்பட்ட ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபர் 26 அன்று மூடப்பட்டது. தனியாட்கள் கைப்படக் கட்டிய கோடிக்கணக்கான பக்கங்கள் அதில் இருந்தன. தொடக்ககாலத் தமிழ்ப் பக்கங்களும் இருந்தன. அவற்றுக்கு ஏற்றுமதிக் கோப்பு என்று எதுவும் கிடையாது. ஜேசன் ஸ்காட் தொடங்கிய ஆர்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டமும் இன்டர்நெட் ஆர்கைவும் முடிந்தவரை அள்ளி வைத்ததால் ஒரு பகுதி தப்பியது.

மைக்ரோசாஃப்டின் லைவ் ஸ்பேசஸ் வேறுவிதமாக விடைபெற்றது. 2010 செப்டம்பரில் அந்நிறுவனம் தன் 3 கோடிப் பயனர்களையும் வேர்ட்பிரஸ்.காம் தளத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டை அறிவித்தது. ஆறு மாதத் தவணை. ஒரு பொத்தானை அழுத்தினால் எழுத்து புதிய வீட்டுக்குப் போய்விடும். போட்டியாளரிடம் தன் குடிகளை ஒப்படைத்துவிட்டுக் கடையை மூடிய நாகரிகம் அது. அவ்வாண்டே சிக்ஸ் அப்பார்ட்டின் வாக்ஸ் மூடப்பட்டது. 2013 ஏப்ரல் 30 அன்று, ட்விட்டர் வாங்கிய ஓராண்டுக்குப் பின், போஸ்டரஸ் மறைந்தது.

இந்த வரிசையில் அண்மையது டைப்பேட். மூவபிள் டைப் தந்த அதே தம்பதியரின் நிறுவனம் 2003இல் தொடங்கிய சேவை அது. கைமாறிக் கைமாறி வந்து, 2025 ஆகஸ்டு இறுதியில் மூடல் அறிவிக்கப்பட்டு, செப்டம்பர் 30 அன்று அடைக்கப்பட்டது. இருபதாண்டு எழுத்தைக் காலிசெய்ய ஒரு மாதத்துக்குச் சற்றே கூடுதலான அவகாசம். வெளியேறியவர்கள் கையில் தரப்பட்ட கோப்பு எந்த வடிவத்தில் இருந்தது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். தலைப்பு, தேதி, ஐந்து சிறுகோடு, எட்டுச் சிறுகோடு: மூவபிள் டைப் வகுத்த அதே பழைய எளிய வடிவம். சேவை முடிந்துவிட்டது, அதன் மொழி முடியவில்லை. வேர்ட்பிரஸின் இறக்குமதி நீட்சி ஒன்று அந்த மொழியை இன்றும் படித்துக்கொண்டிருக்கிறது.

வெளியேறும் வசதி என்பது சேவை தருபவரின் பெருந்தன்மையா, எழுதுபவரின் உரிமையா என்ற கேள்வி மெல்ல எழுந்தது. ப்ளாகர் 2008இல் ஏற்றுமதிக் கோப்பைத் தரத் தொடங்கியது. கூகுளுக்குள்ளேயே பிரையன் ஃபிட்ஸ்பாட்ரிக் முன்னெடுத்த தரவு விடுதலைக் குழு 2011இல் டேக்அவுட் வசதியைக் கொணர்ந்தது. 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளின் 20ஆம் பிரிவு, ஒருவர் தாம் அளித்த தரவைக் கணினி படிக்கத்தக்க வடிவில் பெற்று வேறிடத்துக்குக் கொண்டுசெல்வதை உரிமையாக்கியது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு மசோதாவில் இத்தகைய உரிமை இருந்தது; 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அது இடம்பெறவில்லை. இந்திய எழுத்தாளருக்கு வெளியேறும் வாசல் இன்றும் சேவை தருபவரின் பெருந்தன்மையை நம்பியே இருக்கிறது.

*

இந்த வரலாற்றில் நிறுவனங்களின் பெயர்களே அதிகம் வருகின்றன. உண்மையில் ஆபத்திலிருப்பது அவையல்ல. 2003க்குப் பின்னான சில ஆண்டுகளில் தமிழில் எழுதப்பட்டவற்றுள் கணிசமானவை எந்த அச்சிதழிலும் வராதவை. நூல் மதிப்புரைகள், ஈழத்து ஊர்களின் நினைவுக் குறிப்புகள், புலம்பெயர்ந்தோரின் முதற்கதைகள், கவிதை குறித்து நள்ளிரவில் நடந்த வாதங்கள் யாவும் இணையத்தில் மட்டுமே வாழ்ந்தன. அவற்றை எழுதியவர்களுள் சிலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்களுடைய கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. கடவுச்சொல் இல்லாமல் ஏற்றுமதி கிடையாது. ஏற்றுமதி இல்லாமல் எந்த நீட்சியாலும் பயனில்லை. ஏட்டுப் பெட்டியின் சாவியை மறைந்தவர் கையோடு கொண்டுபோன நிலை.

வாதங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவர் தம் எழுத்தை மூட்டை கட்டும்போது அதனடியில் பிறர் எழுதிய மறுமொழிகளும் சேர்ந்தே போகின்றன. சில இடங்களில் மறுமொழியே கட்டுரையை விஞ்சி நின்றது. குடிபெயர்பவர் அவற்றை உதறிவிட்டுப் போனால் பேச்சின் ஒரு பாதி அழிகிறது. சுமந்து சென்றால், எழுதியவர் அறியாமலே அவர் எழுத்து வேறு வீட்டில் குடியேறுகிறது. பழைய உரையாசிரியர்கள் பிறர் கூற்றை 'என்ப' என்று போற்றி எடுத்துச் சென்றார்கள். நாமும் பெயரும் தேதியும் மாறாமல் எடுத்துச் செல்வதே முறையெனக் கருதுகிறோம்.

ஆகவே எழுதும் நண்பர்களுக்கு நம் வேண்டுகோள் எளியது. ஆண்டுக்கொரு முறையேனும் ஏற்றுமதிக் கோப்பை எடுத்து வையுங்கள். படங்களைத் தனியே சேமியுங்கள். கோப்பை ஒருமுறை திறந்து, உள்ளே தமிழ் தமிழாக இருக்கிறதா, கேள்விக்குறிகள் மலிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இயன்றால் வேறொரு சோதனைத் தளத்தில் இறக்கிப் பாருங்கள்; திரும்ப இறக்கிப் பார்க்கப்படாத படியைப் படியென்று நம்புவதற்கில்லை. உங்களுக்குப் பின் அந்தக் கோப்பு யாரிடம் இருக்க வேண்டும் என்பதை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் இன்றே சொல்லி வையுங்கள்.

ஏடெழுதியோர் தம் பெயரைப் பெரும்பாலும் எழுதவில்லை. எழுதிய சிலரும் சுவடியின் இறுதியில் நாளும் பெயரும் குறித்து, பிழை பொறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நிறுத்திக்கொண்டார்கள். ஐந்து கோடும் எட்டுக் கோடும் வகுத்தவர்களும், திஸ்கியை ஒருங்குறியாக்கும் நிரல்களை எழுதி இலவசமாகக் கொடுத்தவர்களும், இரவெல்லாம் அமர்ந்து மறைந்த நண்பரின் பக்கங்களைப் படியெடுத்தவர்களும் அந்த மரபில் வந்தவர்களே. ஓலை மாறும், அச்சு மாறும், வழங்கி மாறும். படியெடுக்க ஒருவர் இருக்கும்வரை நூல் இருக்கும்.